பத்தில் எட்டு

கரமனை
7 ஜனவரி 2024

மாளு அப்பாவுக்கு,

பிரேமா எழுதுகிறேன். நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? தேயிலைத் தூசிக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறீர்களா, இல்லை நான் பக்கத்தில் இல்லாத தைரியத்தில் அவிழ்த்துப் போட்டாயிற்றா?

போன் இருக்க இதென்ன கடிதம் என்பீர்கள். மாளுவைச் சேர்த்திருக்கிற சென்டரில் அஜிதா டீச்சர் முதல் நாளே போனை ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டார். அது கண்ணில் பட்டால் மாளுவுக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டாம். இப்போது வீட்டுக்கார சீதாலக்ஷ்மி மாமியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. உங்களுக்கோ மேல் வளைவில் போய் நின்றால்தான் ரேஞ்ச். அதனால் தம்பானூர் ஸ்டாண்டில் நம் கண்டக்டர் தாணு அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். "போஸ்ட்மேன் வேலையும் என் தலையிலயா?" என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கிப் பையில் வைத்தார்.

பிள்ளைக்குப் பாடம் என்று நினைத்து வந்தேன். பாடம் எனக்குத்தானாம். டீச்சர் வாரம் மூன்று நாள் பார்ப்பார், மற்ற நேரமெல்லாம் வீட்டில் நான் செய்ய வேண்டும். முதல் பாடம் தண்ணீர் கேட்பது. ஐந்து வயதாகியும் பேச்சு வராத பிள்ளை எப்படிக் கேட்கும்? டம்ளர் படம் போட்ட ஓர் அட்டை இருக்கிறது. அவள் அதை எடுத்து என் கையில் தர வேண்டும், தந்ததும் நான் தண்ணீர் தர வேண்டும். முதலில் அவள் கையைப் பிடித்து நானே தர வைக்கலாம். போகப்போக முழங்கையைத் தொட்டால் போதும், பிறகு விரலைக் காட்டினால் போதும், கடைசியில் நான் சும்மா இருக்க அவளே தர வேண்டும். தானாகத் தந்தால் தாளில் கூட்டல் குறி. நான் உதவினால் கழித்தல் குறி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. பத்தில் எட்டு வந்தால் அடுத்த பாடம்.

சென்டரில் நம் இடம் மூன்று மாதத்துக்குத்தான். பிறகு இந்தத் தாள்களைப் பார்த்துத்தான் நீட்டுவார்களாம். வாசலில் எத்தனையோ பிள்ளைகள் காத்திருக்கின்றன.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பிரேமா

*

பொன்முடி
16 ஜனவரி 2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

நான் நல்ல சுகம். இருமல் இருக்கிறது, அதுவும் சுகமாக இருக்கிறது. நேற்று பொங்கலுக்கு எஸ்டேட் லயத்தில் எல்லா வீட்டு வாசலிலும் கோலம், நம் வாசல் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அண்ணன் வீட்டில்தான் சாப்பிட்டேன். மாளு கரும்பு தின்றாளா?

அட்டை கொடுத்தால்தான் தண்ணீர் என்றால் ரேஷன் கடை மாதிரியல்லவா இருக்கிறது! என் மகளுக்கு எத்தனை லிட்டர் எழுதியிருக்கிறார்கள்? கோபப்படாதே, சும்மா சொன்னேன்.

ஆனால் இதைச் சும்மா சொல்லவில்லை. வீரபாண்டி அண்ணன் நேற்று எல்லோர் முன்னாலும், "பொண்டாட்டி பிள்ளைய டவுன்ல விட்டுட்டு இங்க கஞ்சி காய்ச்சிட்டுக் கெடக்கியே, வெட்கமா இல்லையாடா?" என்று கேட்டுவிட்டார். மூன்று மாதம் பார்ப்போம் பிரேமா. பலன் இருந்தால் சரி. இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். தனியாகக் கிடந்து எனக்கும் அலுத்துப்போயிற்று.

பிள்ளைக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

பால்பாண்டி

*

கரமனை
4 பிப்ரவரி 2024

மாளு அப்பாவுக்கு,

சுகம்தான். அங்கே குளிர் எப்படி? இங்கே காலையிலேயே வேர்க்கிறது.

எழுதப் பிந்திவிட்டது, வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மாளு கடித்துவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, தாணு அண்ணன் சொல்லும் முன் நானே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஒரு மாதமாகத் தாளில் எல்லாம் கழித்தல்தான். அட்டையை அவள் பார்ப்பதே இல்லை. கிழிக்கிறாள், வாயில் வைக்கிறாள், தண்ணீருக்காகத் தரையில் புரண்டு அழுகிறாள். பத்து எண்ணும்வரை காத்திருந்து, பிறகு கையைப் பிடித்துத் தர வைத்துத் தண்ணீரைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பத்து எண்ணுவதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது. மாமி சன்னல் வழியாக, "ஏண்டிம்மா, கொழந்தை இப்படித் துடிக்கறதே, ஒரு வாய் ஜலம் குடுத்தா கொறைஞ்சா போயிடுவே?" என்கிறார். எத்தனை முறை விளக்குவது? இப்போதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு எண்ணுவதைத் தொடர்கிறேன்.

சென்டரில் மற்ற அம்மாக்களின் தாள்களில் கூட்டல் குறியாக இருக்கிறது. நான் என் தாளை மடித்து வைத்துக்கொள்கிறேன். அலுப்பாக இருக்கிறது. அவள்மேல் இல்லை. யார்மேல் என்று தெரியவில்லை.

இருமலுக்கு மிளகு போட்டுக் கஷாயம் குடியுங்கள்.

பிரேமா

*

பொன்முடி
12 பிப்ரவரி 2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

இங்கே சுகம். உன் கை வீக்கம் வடிந்ததா?

கடிதத்தைப் படித்துச் சோறு இறங்கவில்லை. ஒரு மாதத்தில் ஒன்றுகூட இல்லையா? ஃபாக்டரியில் தினம் ஒருவர் கேட்கிறார், "மக பேசுறாளா பாண்டி?" என்று. நான் பேசுவாள், பேசுவாள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது. அண்ணன் இங்கேயே ஒரு வைத்தியர் இருக்கிறார் என்கிறார்.

இனி அழுதது, புரண்டது எல்லாம் எழுதாதே. என்னால் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? பத்தில் எத்தனை, அதை மட்டும் எழுது. எட்டு வந்துவிட்டால் அண்ணன் வாயை அடைத்துவிடுவேன்.

நேரத்துக்குத் தூங்கு.

பால்பாண்டி

*

கரமனை
3 மார்ச் 2024

மாளு அப்பாவுக்கு,

இருவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

பத்தில் எட்டு. நான்கு நாளாகத் தொடர்ந்து. டீச்சருக்கு ரொம்பச் சந்தோஷம். இப்போது கையைத் தொட வேண்டியதே இல்லை. இந்தக் கட்டத்தில் நாம் உதவினால்தான் பழக்கம் கெட்டுவிடுமாம். இனி இரண்டு அட்டை வைத்து அடுத்த பாடம்.

வேறு விசேஷம் இல்லை.

பிரேமா

*

பொன்முடி
9 மார்ச் 2024

என் அன்புள்ள பிரேமாவுக்கு,

சுகமா என்று கேட்கிறாய், எனக்கு இருமலே போய்விட்டது!

உன் கடிதத்தை ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கத்தில் நின்று மூன்று தடவை படித்தேன். லயத்தில் எல்லா வீட்டுக்கும் லட்டு கொடுத்தேன். அண்ணன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "எட்டுன்னா பாஸ்தானே?" என்று கேட்டார். டிஸ்டிங்ஷன் என்று சொன்னேன். உன்னை ரேஷன் கடை என்று கேலி செய்ததற்கு நீ என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு.

இருபத்திரண்டாம் தேதி முதல் மூன்று நாள் அம்மாக்களுக்கு மட்டும் வகுப்பு, பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது என்று தாணு அண்ணனிடம் சொல்லி அனுப்பினாயாமே. நான் வருகிறேன். மாளுவை இங்கே கூட்டிவந்துவிடுகிறேன். அந்த அட்டையையும் கொடுத்துவிடு. என் மகள் தண்ணீர் கேட்பதை லயமே பார்க்கட்டும். நீ பட்ட பாட்டை நான் கெடுக்க மாட்டேன். கை வைக்க மாட்டேன், உதவ மாட்டேன், பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

உன்
பால்பாண்டி

*

கரமனை
17 மார்ச் 2024

மாளு அப்பாவுக்கு,

சுகம். நீங்கள் லட்டெல்லாம் கொடுத்திருக்க வேண்டாம்.

மாளுவை அங்கே கொண்டுபோக வேண்டுமா? வளைவில் வாந்தி எடுப்பாள். மாமி மூன்று நாள் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றால் அட்டை வேண்டாம். புது இடத்தில் மறந்துவிடுவாள், சில நாள் செய்வாள், சில நாள் செய்ய மாட்டாள். மூன்று நாள் பிள்ளை விளையாடட்டுமே. ஆட்களைக் கூட்டி வைத்துக் காட்ட இதென்ன திருவிழாவா?

அவளுக்கு மஞ்சள் டம்ளர்தான் பழக்கம். டீ சூடாக இருந்தால் குடிக்க மாட்டாள்.

பிரேமா

*

பொன்முடி
29 மார்ச் 2024

பிரேமாவுக்கு,

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா? குளுக்கோஸ் ஏற்றிய கை வீக்கம் இறங்கியதா? அதை மட்டுமாவது தாணு அண்ணனிடம் சொல்லி அனுப்பு.

அடிவாரத்து விதுரா ஆஸ்பத்திரியில் நீ என்னைக் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். நர்ஸ் பார்க்க, அண்ணன் பார்க்க, "நீயெல்லாம் மனுஷனா? பச்சப் பிள்ளைக்குத் தண்ணி கொடுக்காமப் போட்டிருக்கியே" என்றாய். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நீ என்னை ஒருமையில் பேசியதில்லை. அதற்கு எனக்கு வருத்தமில்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். வேண்டாம் என்று நீ எழுதியும் உன் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து வந்தது நான்தான். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நான்கு தடவை வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அட்டையை முன்னால் வைத்து, மஞ்சள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எடுக்கவில்லை. புது இடம், பழகட்டும் என்றிருந்தேன். அழுதாள். உதவினால் கெட்டுவிடும் என்று நீ எழுதியது மனசில் இருந்தது. அண்ணன், "கொடுத்துத் தொலைடா" என்றார். பத்தில் எட்டு கேட்கிறவள், இப்போது கேட்பாள் என்று சொல்லிவிட்டேன். கஞ்சி கொடுத்தேன், துப்பிவிட்டாள். குடத்தை மேல் தட்டில் தூக்கி வைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஆளைக் காணோம் என்று பின்பக்கம் போய்ப் பார்த்தால், துணி அலசின வாளியில் முகத்தை வைத்துச் சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு காய்ச்சலும் வாந்தியும். நான்தான் செய்தேன். அவள் எட்டுத் தடவை கேட்கிறவள், என்னிடம் கேட்கப் பிடிக்கவில்லை. அப்பாவென்று இத்தனை மாதம் பக்கத்தில் இல்லாதவனிடம் பிள்ளை எப்படிக் கேட்கும்?

பால்பாண்டி

*

பொன்முடி
14 ஏப்ரல் 2024

பிரேமாவுக்கு,

இன்று வருஷப் பிறப்பு. பிள்ளை நன்றாக விளையாடுகிறாள் என்று தாணு அண்ணன் சொன்னார். அது போதும்.

நீ இங்கே வர வேண்டாம். அவளை அங்கேயே வைத்துக்கொள். அண்ணனிடம் நான் சொல்லிவிட்டேன். நானும் இனி அங்கே வந்து தொந்தரவு செய்ய மாட்டேன்.

பால்பாண்டி

*

கரமனை
2 மே 2024

மாளு அப்பாவுக்கு,

மாளு சுகம். நான் சுகமில்லை. உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் இல்லை.

உங்கள் இரண்டு கடிதமும் தலையணை உறைக்குள் இருக்கிறது. பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்து, வேறு வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். இன்று முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

மாளு எட்டுத் தடவை அட்டையைத் தந்ததே இல்லை. ஒரு தடவைகூடத் தானாகத் தந்ததில்லை. அந்த எட்டை நான் எழுதினேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், நான்கு தடவை முடித்திருந்தேன். இன்னும் ஆறு பாக்கி. மாளு தூங்கிப்போனாள். காலையில் தாள் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் செய்யாத கணக்குக்குப் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து விடை போடுவோமே, அந்த மாதிரி ஆறு கட்டத்திலும் கூட்டல் போட்டேன். மேலே இருந்த கழித்தல்களையும் அசிங்கமாக இருக்கிறதே என்று இரண்டைத் திருத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். மறுநாள் டீச்சர் தாளைப் பார்த்து, "மிடுக்கி!" என்று என் தோளைத் தட்டினார், கெட்டிக்காரியாம். பிள்ளையை அல்ல, என்னை. இங்கே வந்த ஐம்பது நாளில் என்னைப் பார்த்து ஒருவர் முகம் மலர்ந்தது அன்றுதான். அடுத்த நாள் எப்படிக் குறைத்து எழுதுவது? அதற்குள் நீங்களும் எத்தனை, எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். எட்டு இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும், இடமும் போய்விடும். எழுதிவிட்டேன்.

உதவினால் கெட்டுவிடும் என்று டீச்சர் சொன்னது உண்மை. ஆனால் அது எட்டு எடுக்கிற பிள்ளைக்கு. நம் பிள்ளைக்குக் கையைப் பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. உங்களிடம் அதைச் சொல்லாமல் சுற்றி வளைத்து அட்டை வேண்டாம் என்று எழுதினேன். ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் உங்களைத் திட்டும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு சத்தம் போட்டேன். பிறகு உங்கள் கடிதத்தில் நான்தான் செய்தேன் என்று படித்தபோது, சீ, எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை டீச்சரிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். இரண்டு அட்டை வைத்ததிலிருந்து மாளு சென்டரில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள், அது ஏன் என்று அவருக்குப் பிடிபடாமல் இருந்ததாம். கடைசியில் பிப்ரவரி முடிவிலிருந்து நான் எழுதின தாள்கள்மேல் ஒரு கோடு இழுத்து, "இதொண்ணும் வேண்டா பிரேமா. ஆத்யம் முதல் துடங்காம்" என்றார். முதலிலிருந்து, கையைப் பிடித்து, ஒரே அட்டையோடு. மேலிடத்தில் இடத்தை ஜூன் கடைசி வரை மட்டும் நீட்டியிருக்கிறார்கள். இந்த முறை உண்மையான தாளைப் பார்த்துத்தான் முடிவு. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் அவளைக் கொடுமை செய்த அப்பா இல்லை. அதை மட்டும் நம்புங்கள்.

பிரேமா

*

பொன்முடி
26 மே 2024

பிரேமாவுக்கு,

நான் இருக்கிறேன். இருமல் மறுபடி வந்துவிட்டது.

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. தாணு அண்ணன் தினம் வண்டியை நிறுத்தி, "பதில் ஒண்ணும் இல்லையா பாண்டி?" என்று கேட்டு, அவரும் ஓய்ந்துவிட்டார். கோபம், பிரேமா. வேறு என்ன? நீ பொய் எழுதியது ஒரு கோபம். அதைவிட, நாற்பது நாள் நான் தலை நிமிராமல் திரிந்தேனே, அது தெரிந்தும் நீ வாயைத் திறக்கவில்லையே. வாளியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவேன். அண்ணன் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் குடிக்க முடியாது. ஒரு வரி எழுத உனக்கு நாற்பது நாளா? எழுதும்போதே மறுபடி வருகிறது கோபம். அது அத்தனை சீக்கிரம் போகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் உன்னை மட்டும் கேட்டுவிட்டு என்னால் கடிதத்தை மூட முடியாது. நானும் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். மார்ச் கடிதத்தில் நடந்ததையெல்லாம் எழுதினேன் என்று நினைத்திருப்பாய். எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் மாளு என் பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அந்தத் தட்டுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, என் கையைக் குடத்தை நோக்கித் தூக்கி விட்டாள். எனக்கு அப்போதே புரிந்தது. புரியாமல் என்ன? ஆனால் அது அட்டை இல்லையே. இதற்குக் கொடுத்தால் நீ பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தது வீணாகிவிடும் என்று கையை உருவிக்கொண்டேன். அட்டையைக் காட்டினேன். திரும்பவும் வந்தாள். மூன்று தடவை. மூன்றாவது தடவை கையை உருவியதும் அவள் அழவில்லை, பின்பக்கம் போய்விட்டாள். வாளி அங்கேதான் இருந்தது.

நீ எட்டு எழுதினாய். நான் இதை எழுதாமல் விட்டேன். இனி யார் யாரை என்ன கேட்பது?

மேனேஜரிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை மத்தியானத்தோடு விடுவார். வருகிற வாரத்திலிருந்து சனிக்கிழமை பஸ்ஸில் வந்து திங்கள் காலை முதல் வண்டிக்குத் திரும்பிவிடுகிறேன். கையைப் பிடித்துக் கொடுப்பது எப்படி என்று டீச்சர் எனக்குச் சொல்லித்தரட்டும். ஞாயிற்றுக்கிழமைத் தாள் என்னுடையது. ஒன்றும் வரவில்லையென்றால் ஒன்றும் வரவில்லை என்றே எழுதுவேன். அதைப் பார்த்து இடத்தை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், வேறு வழி பார்ப்போம். நீ அன்று தூங்கு. மாமி வீட்டில் ஒரு பாயை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. உன் எழுத்தைப் பார்த்தாலே தூங்காதவள் எழுத்தென்று தெரிகிறது.

டீச்சரிடம் ஒன்று கேட்டு வை. பிள்ளை நம் கையைப் பிடித்துக் குடத்துக்குக் கொண்டுபோனால் அதற்குத் தாளில் கூட்டல் போடுவதா, கழித்தல் போடுவதா? அந்தச் சனிக்கிழமைக்கு, மார்ச் இருபத்துமூன்றாம் தேதிக்கு, ஒரு தாள் எழுத வேண்டியிருக்கிறது.

பால்பாண்டி